பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறேன்: எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நம்பலாம்?

கரிசல்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சான் அன்டோனியோவுக்கு மேற்கே கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். டிராக்டர் ஏற்றிப் போக, வைக்கோல் உருளை கொண்டுவர, எப்போதாவது மாடு ஏற்ற ஒரு டீசல் பிக்கப் தேவைப்படுகிறது. டிரெய்லரையும் சேர்த்தால் இழுக்க வேண்டிய எடை சுமார் 10,000 பவுண்டு. என்னால் 18,000 டாலர் வரை போக முடியும். மனைவிக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. இருவரும் ஓட்ட வேண்டும் என்பதால் கிளட்ச் மிதிக்கும் வண்டி சரிவராது, ஆட்டோமேட்டிக்தான்.

இந்த விலைக்கு நான்கு வண்டிகள் கண்ணில் பட்டன (அடைப்புக்குள் இருப்பது எஞ்சின்): 2002 ஃபோர்டு எஃப்-250 (7.3), 2006 செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி (டூராமாக்ஸ்), 2006 டாட்ஜ் ராம் 2500 (5.9 கம்மின்ஸ்), 2012 ராம் 2500 (6.7 கம்மின்ஸ்). எல்லாமே ஒன்றரை லட்சம் மைலைத் தாண்டியவை.

எஞ்சினைப் பற்றி யாரைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்டால், போனால் ரீபில்ட் (பிரித்துப் புதுப்பிப்பது) செய்துகொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ரீபில்டுக்கு விசாரித்தால் 4,000-லிருந்து 7,000 டாலர் வரை சொல்கிறார்கள். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு! இந்த நான்கில் எதை நம்பலாம்? வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணெய்க்கை எழுதியது:

தம்பி, சரியான கேள்வி. டீசல் பிக்கப்பில் பெரும்பாலும் எஞ்சினுக்கு முந்திக் கைவிடுவது அதன் பின்னால் இருக்கும் பெட்டிதான், அதாவது கியர்பாக்ஸ். ஹூஸ்டனில் கியர்பாக்ஸ் வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இதை வண்டி செய்தவர்களே அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2001, 2002 ராமில் 505 பவுண்டு-அடி டார்க் (திருகுவிசை) தரும் ஹை அவுட்புட் கம்மின்ஸ் ஆறு கியர் மேனுவலோடு மட்டும்தான் வந்தது. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் 460. 2013 ராமில் ஒரே 6.7 எஞ்சினுக்கு மூன்று அளவு: மேனுவலுக்கு 660, 68ஆர்எஃப்இ ஆட்டோமேட்டிக்குக் 800, அய்சின் ஆட்டோமேட்டிக்குக் 850. எஞ்சினால் இன்னும் முடியும். பின்னால் இருக்கும் பெட்டி தாங்கும் அளவுக்கு அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒருவர் எஞ்சின் பவரைக் கூட்டும் ட்யூனர் கருவியை மாட்டி அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறார். பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் கருகும், கருகிய ஆயிலில் தட்டு இன்னும் வேகமாக வழுக்கும். அந்த வண்டிதான் ஒரு வருடம் கழித்து ‘நல்ல நிலையில்’ என்று விளம்பரத்துக்கு வருகிறது.

ஆகவே பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ட்யூன் செய்யப்படாத சுமாரான பெட்டி, ட்யூன் செய்து வதைக்கப்பட்ட பேர்பெற்ற பெட்டியைவிட எத்தனையோ மேல்.

இனி உங்கள் நான்கு வண்டிகள்.

7.3-க்குப் பின்னால் இருப்பது 4ஆர்100, நான்கு கியர். ஓரளவு உறுதியானது, சூட்டை மட்டும் தாங்காது. பழைய 7.3 வைத்திருப்பவர்கள் பலர் பின்னர் வந்த 6.0 எஞ்சின் ஃபோர்டில் இருந்த பெரிய டிரான்ஸ்மிஷன் கூலரை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் பார்க்கும் வண்டியில் அது இருந்தால், முந்தைய உரிமையாளர் அக்கறையானவர் என்று எடுத்துக்கொள்ளலாம். கியர் லீவர் நுனியில் ‘ஓவர்டிரைவ் ஆஃப்’ (உச்ச கியர் நிறுத்தம்) என்று சின்ன விளக்கு இருக்கும். ஓட்டும்போது அது விட்டுவிட்டு மின்னினால் கம்ப்யூட்டரில் கியர்பாக்ஸ் கோளாறு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் அதைப் பற்றி என்ன கதை சொன்னாலும் கேட்காதீர்கள்.

சில்வராடோவில் அல்லிசன் 1000. 2001-இல் டூராமாக்ஸோடு வந்தபோது ஐந்து கியர், 2006-இல் ஆறு ஆனது. உங்கள் பட்டியலில் 10,000 பவுண்டுக்கு எனக்கு மனம் ஒப்பும் பெட்டி இதுதான்.

2006 ராமில் 48ஆர்இ, நான்கு கியர். கட்டமைப்பு பழையது, எளிமையானது, எந்த ஊரிலும் பிரித்துப் பூட்ட ஆள் கிடைக்கும். ட்யூன் செய்தால் முதலில் டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) லாக்கப் கிளட்ச், அதாவது ஓடும்போது இரண்டையும் நேராகப் பூட்டும் தட்டு, வழுக்கும். கியர் மாறுவதில் தடுமாற்றம் இருந்தால் சில சமயம் ஆயில் அழுத்தத்தைக் கவனிக்கும் கவர்னர் பிரஷர் சென்சாரும் சொலினாய்டும் (மின் வால்வு) மாற்றினாலே போதும், கையைக் கடிக்காத வேலை.

2012 ராமில் 68ஆர்எஃப்இ. ஆறு கியர், ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் பிரஷர் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குக் கசிவதும், ஓவர்டிரைவ் கிளட்ச் தேய்ந்துபோவதும் இதன் அறியப்பட்ட பலவீனங்கள். 2007-இன் நடுவில் வந்த இந்தப் பெட்டியை ராம் 2025-இல்தான் எட்டு கியர் பெட்டியால் மாற்றியது. கைபடாத வண்டியில், பாரம் அளவாக இழுத்தவர்களிடம் இது நீண்ட காலம் ஓடியிருக்கிறது. கைபட்டதை நான் தொட மாட்டேன்.

மலைப்பாதை எழுதியது:

கொலராடோவிலிருந்து எழுதுகிறேன். பட்டியலில் 2011-க்குப் பிந்தைய எஃப்-250 இல்லாதது ஒரு குறை. 6.7 பவர்ஸ்ட்ரோக்கோடு வந்த 6ஆர்140 ஆறு கியர் பெட்டி அருமையானது. 18,000 டாலருக்கு டெக்சஸில் ஓடிக் களைத்த ஒன்று கிடைக்கலாம். அந்த எஞ்சினின் சிபி4 எரிபொருள் பம்ப் உடைந்தால் இரும்புத்தூள் டீசல் போகும் வழி முழுவதும் பரவி, கியர்பாக்ஸ் ரீபில்டைவிடப் பெரிய செலவு வைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அல்லிசனைப் பற்றி எண்ணெய்க்கை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது, அதிலிருந்து இறங்கும் பாதை 7 சதவீதச் சரிவு. பின்னால் டிரெய்லரோடு அதில் இறங்கும்போது பாரம் இழுப்பதற்கான டோ/ஹால் பட்டனை அழுத்தி, பிரேக்கை ஒருமுறை லேசாகத் தொட்டால் போதும், பெட்டி தானே ஒரு கியர் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வேகம் ஏறாது. பழைய நான்கு கியர் பெட்டிகளில் அந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை. ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். பாரத்தோடு இறங்குவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

வடகரை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அல்லிசன் என்ற பெயருக்கே இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கூட்டிக் கேட்கிறார்கள். ஆரம்பகால ஐந்து கியர் அல்லிசனில் கொஞ்சம் பவரைக் கூட்டினாலும் வழுக்கலை உணர்ந்து லிம்ப் நிலைக்கு (தன்னைக் காக்கப் பவரையும் கியரையும் கட்டுப்படுத்தும் நிலை) போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். அவர் மனைவிக்கு முடியாது என்பது புரிகிறது, இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய டீசல் என்றால் மேனுவல்தான் நிம்மதி. ஒரு கிளட்ச் செட், அவ்வளவுதான்.

எண்ணெய்க்கை எழுதியது:

வடகரை ஐயா, லிம்ப் நிலைக்குப் போவதை நான் அதன் பலமாகத்தான் பார்க்கிறேன். தட்டு வழுக்குகிறது என்று தெரிந்தவுடன் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வேறு பெட்டிகள் சத்தமில்லாமல் கருகிக்கொண்டே ஓடும்.

மேனுவலும் செலவில்லாத வழி அல்ல. கம்மின்ஸோடு வந்த என்வி4500 மேனுவல் பெட்டியில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் கழன்று, ஐந்தாவது கியரே இல்லாமல் போவது தெரிந்த நோய். இன்னொரு கம்மின்ஸ் மேனுவலான ஜி56-இன் இரட்டை ஃப்ளைவீல் (கிளட்ச் ஒட்டும் கனச் சக்கரம்) போனால் அதை மாற்றும் செலவு சின்னதல்ல. பாரம் இழுத்தே பழகாத ஒருவர் ஓட்டிய மேனுவலைவிட, ஒழுங்காக ஆயில் மாற்றிய ஆட்டோமேட்டிக் பரவாயில்லை.

தாமிரபரணி எழுதியது:

ஓக்லஹோமாவில் குதிரை டிரெய்லர் இழுக்கிறேன். பெட்டிகளின் பெயர்களை மேலே சொல்லிவிட்டார்கள். வண்டியைப் போய்ப் பார்க்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

முன்கூட்டியே ஃபோன் செய்து, எஞ்சினைக் கிளப்பாமல் குளிர்ந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வேன். கிளப்பி, பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கும், பிறகு டிரைவுக்கும் மாற்றி ஒவ்வொன்றும் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். ஒரு நொடிக்கு மேல் யோசித்து, அப்புறம் தடால் என்று இடித்துப் பிடித்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

சூடான பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்து ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, ஓரத்தில் மெல்லிய வளையமாகப் பரவும். பழுப்பென்றால் வயதாகிவிட்டது, மாற்றினால் சரி. கறுத்து, கருகிய வாடை அடித்து, நடுவில் பொடிப் பொடியாக நின்றால் அது கிளட்ச் தட்டின் துகள். ஒரு விஷயம் முக்கியம்: டாட்ஜ் 48ஆர்இ-யில் எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும், அல்லிசனிலும் ஃபோர்டிலும் பார்க்கில். இது தெரியாமல் பார்க்கில் அளந்துவிட்டு, டாட்ஜில் ஆயில் அதிகம் என்று உறிஞ்சி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நெடுஞ்சாலைக்குப் போங்கள். 55 மைல் வேகத்தில் சமமாக ஓடும்போது, ஆக்சிலரேட்டரை அசைக்காமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். கன்வர்ட்டர் லாக் விடுபட்டு ஆர்பிஎம் ஒரு இருநூறு, முந்நூறு ஏறும். காலை எடுத்தால் சிறிது நேரத்தில் மறுபடி இறங்கிப் பிடிக்கும். ஏறவே இல்லை என்றால் லாக்கப் ஆகவில்லை. பிடிக்கும் அந்தக் கணத்தில், சாலையோரத்து வெட்டுக்கோடுகள் மேல் டயர் ஏறியது போல இருக்கை நடுங்கினால் கன்வர்ட்டர் தேய்ந்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் டிரெய்லரையே கொண்டுபோய் மாட்டி ஓட்டிப் பாருங்கள். சுமையில்லாமல் ஒழுங்காக ஓடும் வண்டி பாரத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் காரணத்தைக் கேளுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

அக்கா, அண்ணே, மிக்க நன்றி. 7.3 நான் போவதற்குள் விற்றுவிட்டது. 5.9 ராமின் அடிப்பகுதி முழுக்கத் துரு. வடக்கே எங்கோ பனிக்காக உப்புத் தூவும் சாலையில் ஓடிவிட்டு வந்த வண்டி போலிருக்கிறது, திரும்பிவிட்டேன். மீதி இரண்டையும் நன்றாகப் பார்த்தேன்.

2012 ராம் ஒரு டீலரிடம் இருக்கிறது. உட்புறம் புதிது போல இருந்தது. ஆனால் புகையில் உள்ள கரியை வடிகட்டும் டிபிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் நேராக ஒரு பெரிய குழாய்தான் போகிறது. முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் ஏதோ மீட்டர் இருந்து கழற்றிய ஓட்டைகள். பின்தொட்டித் தரையில் பெரிய டிரெய்லரை மாட்டும் கூஸ்நெக் பந்து, அதைச் சுற்றிப் பெயின்ட் எல்லாம் தேய்ந்திருந்தது. ஸ்கேனரைச் செருகினால் கோளாறுக் குறியீடு ஒன்றுமே இல்லை, ஆனால் மானிட்டர்கள் (வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள்) எல்லாம் ‘தயாரில்லை’ என்று காட்டின. பெட்டி 140,000 மைலில் ரீபில்ட் ஆனது, அதனால் புதிது போலத்தான் என்கிறார் விற்பவர். ரசீது கேட்டேன், கிடைக்கவில்லை. ரீபில்ட் என்பது நல்லதா கெட்டதா?

சில்வராடோ ஒரு பெரியவருடையது. 172,000 மைல். படகு இழுத்திருக்கிறார். கியர்பாக்ஸ் பிரிக்கப்படவே இல்லை என்கிறார். ஆனால் ஓட்டும்போது ஒருமுறை டேஷில் எந்தக் கியரில் இருக்கிறது என்பதே காட்டாமல் போய், பிறகு தானே வந்தது. அது பயமாக இருக்கிறது.

எண்ணெய்க்கை எழுதியது:

முதலில் ராம். நீங்கள் எழுதியது எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கிறது. டிபிஎஃப் எடுத்த வண்டி ட்யூன் இல்லாமல் ஒழுங்காக ஓடாது, ஆகவே ட்யூன் நிச்சயம் உண்டு. புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது மத்தியச் சட்டத்துக்கும் விரோதம், நாளைக்கு உங்களிடமிருந்து இன்னொரு டீலர் வாங்க யோசிப்பார். மானிட்டர்கள் தயாரில்லை என்றால் குறியீடுகளை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அல்லது அந்த ட்யூனே அவற்றை முடக்கி வைத்திருக்கிறது. மூன்றுமே வாங்குபவருக்கு நல்ல செய்தி அல்ல. கூஸ்நெக்கைச் சுற்றி அப்படித் தேய்ந்திருந்தால் தினமும் பாரம் ஏற்றிய வண்டி. மிட்லண்ட், ஒடெசா பக்கம் எண்ணெய் வயல்களுக்கு ஹாட்ஷாட் (அவசரச் சரக்கு) ஓடிய வண்டிகள் இப்படித்தான் கழுவித் துடைத்து நம் பக்கம் விற்பனைக்கு வரும்.

ரீபில்ட் பற்றிக் கேட்டீர்கள். நல்ல ரீபில்ட் நல்லதுதான், அதற்குச் சாட்சி ரசீதுதான். யார் செய்தார்கள், டார்க் கன்வர்ட்டரையும் மாற்றினார்களா, வால்வு பாடியைப் புதிதாகப் போட்டார்களா, கூலரை மாற்றினார்களா அல்லது கழுவியாவது விட்டார்களா, உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா? கூலரைப் பற்றிக் கேட்பதைத் தவற விடாதீர்கள். பழைய பெட்டி உடைந்தபோது பறந்த தூள் கூலருக்குள் தங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுப் பெட்டியை மாட்டினால், அந்தத் தூள் நேரே புது வால்வு பாடிக்குள் போய்ச் சேரும். கொள்ளை விலை கொடுத்து ரீபில்ட் செய்தும் சீக்கிரமே திரும்பி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது என் அனுபவம். ரசீது இல்லாத ரீபில்டுக்கு நான் ஒரு டாலர்கூடக் கூட்டித் தர மாட்டேன்.

சில்வராடோவுக்குப் பயப்படாதீர்கள். கியர் எழுத்து மறைந்து வருவது இந்தக் காலத்து அல்லிசன்களில் பெரும்பாலும் என்எஸ்பியூ எனப்படும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்சின் வேலை. பெட்டியின் பக்கவாட்டில், வெளியே இருக்கும். தண்ணீர் புகுந்து கனெக்டர் பச்சை பிடித்தால் கம்ப்யூட்டருக்கு எந்தக் கியர் என்றே புரியாது, லிம்ப் நிலைக்கும் போகும். படகு இறக்கும் சரிவில் பின்பக்கம் தண்ணீருக்குள் போன வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பெட்டியைப் பிரிக்காமலே மாற்றிவிடலாம். இதைப் பார்த்துப் பெட்டியே போய்விட்டது என்று நினைத்து வண்டியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவர்களும் உண்டு.

ஆனால் கனெக்டரைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்த பிறகே அதை நம்புங்கள். அப்புறம் விஐஎன் எனும் வண்டி அடையாள எண்ணின் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். ‘டி’ என்றால் எல்பிஇசட் எஞ்சின், ‘2’ என்றால் அதற்கு முந்தைய எல்எல்ஒய். 2006-இல் இரண்டும் விற்றார்கள், விலை ஒன்றல்ல.

வடகரை எழுதியது:

இவ்வளவு மைல் ஓடிய பெட்டியில் ஆயிலை மாற்றினாலே போய்விடும் என்கிறார்களே? என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி நடந்தது.

எண்ணெய்க்கை எழுதியது:

நல்ல கேள்வி ஐயா, பலரும் கேட்பது. தட்டு ஏற்கெனவே தேய்ந்த பெட்டியில், ஆயிலில் கலந்திருக்கும் துகள்தான் கொஞ்சம் உராய்வு கொடுத்துக்கொண்டிருக்கும். வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் மாற்றும் எண்ணமே வருகிறது. புது ஆயில் அந்த மிச்ச உராய்வையும் எடுத்துவிடும், பழி ஆயில் மேல் விழும். ஒழுங்காகக் கியர் மாறும் பெட்டிக்கு ஆயில் மாற்றுவதால் கேடு இல்லை. இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை மட்டும் நான் சிபாரிசு செய்வதில்லை. வடித்து, ஃபில்டர் மாற்றி, புதிதாக ஊற்றினால் போதும்.

கரிசல்காடு எழுதியது:

சில்வராடோவை என் டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். பெரியவர் தயங்காமல் சம்மதித்தார், கூடவே வந்து உட்கார்ந்தார். டிராக்டரையும் ஏற்றியிருந்தேன். பண்டேரா பக்கத்து மேடுகளில் ஏறியபோது கியர்பாக்ஸ் வெப்பமானி 190 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. அக்கா சொன்ன இடது கால் சோதனையில் ஆர்பிஎம் ஏறி, நடுக்கம் இல்லாமல் இறங்கியது. ஆயில் பழுப்புச் சிவப்பு, வாடை இல்லை. மானிட்டர்கள் எல்லாம் தயார் நிலையில். தூணில் ஓட்டை இல்லை, புகைக்குழாய் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. எட்டாவது எழுத்து ‘டி’.

சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினால் இரண்டு முனைகளில் பச்சை. அண்ணே சொன்னபடியே. அதைக் காட்டி விலை பேசினேன். 17,500 கேட்டவர் 16,400-க்கு இறங்கினார். நாளை பணம் கொடுக்கிறேன். வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

மலைப்பாதை எழுதியது:

வாழ்த்துகள்! மீதிப் பணத்தில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெப்பமானி முள் 220-க்கு மேல் ஏறினால் கியரைக் குறைத்து மெதுவாகப் போங்கள், 250-ஐ நெருங்கினால் ஓரம் கட்டி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

நல்ல வண்டி தம்பி. தங்கச்சியும் ஒருமுறை பாரத்தோடு ஓட்டிப் பழகட்டும், முதல் நாள் காலி டிரெய்லரோடு. பாரம் இருக்கும்போதெல்லாம் டோ/ஹால் போடச் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கை எழுதியது:

சுவிட்சை முதலில் மாற்றுங்கள். கனெக்டர் முனைகளைச் சுத்தம் செய்து தண்ணீர் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள், இல்லையென்றால் புதுச் சுவிட்சும் பச்சை பிடிக்கும். பிறகு ஆயில். அல்லிசன் கம்பெனி வகுத்த டெஸ்-295 தரம், அல்லது அதற்குப் பதிலாக வந்த டெஸ்-668 தரம் என்று போட்ட சிந்தெடிக் ஆயில் வாங்குங்கள். விலை கூடுதல்தான், பாரம் இழுக்கும் பெட்டிக்கு அது தகும்.

அல்லிசனின் ஃபில்டர் எஞ்சின் ஆயில் ஃபில்டர் போல வெளியிலேயே திருகி மாட்டுவது, பெட்டியின் அடித்தட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பழைய ஃபில்டரின் வாயில் வளையம் போல ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். பழையதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், புதியதோடு காந்தம் வராமல் போகலாம். அதில் படிந்திருப்பதைத் துடைக்குமுன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் இயல்பான தேய்மானம். ஊசி போல இரும்புத் துணுக்கு இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.